பழைய மோட்டார் சைக்கிளும் ஒரு சோடிக் காப்பும்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைப் படித்தபோது என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த என் மனைவி கடிதத்தை வாங்கிப் படித்தார். அவர் சிரிக்கவில்லை. "இதுக்கு ஒழுங்கா பதில் எழுதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது போகப் போக உங்களுக்கு விளங்கும்.

கடிதம் எழுதியவர் நமது மலைநாட்டுச் சகோதரி ஒருவர். கணவருக்குத் தலவாக்கலையில் கடை வேலை. இரவில் கடை மூடும் நேரத்தில் பஸ் கிடைப்பதில்லை. ஓட்டோவுக்குக் கொடுத்தே சம்பளம் கரைகிறது. பழைய ஹொண்டா பென்லி மோட்டார் சைக்கிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். கணவருக்கு ஓட்டத் தெரியும், லைசன்ஸும் உண்டு. வண்டியைப் பற்றி வேறு ஒன்றும் தெரியாது. "உன் காப்பு இரண்டையும் தா, ஒரு வருடத்தில் செய்து தருகிறேன்" என்கிறாராம். சகோதரி இரண்டு கேள்வி கேட்கிறார். காப்பைக் கொடுப்பது என்மீது கடமையா? பழைய வண்டியை நம்பலாமா?

முதற் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. கடமையில்லை. மஹராகக் கிடைத்ததோ, தாய்வீட்டில் போட்டதோ, உங்கள் நகை உங்கள் சொத்து. அதில் கணவருக்கு உரிமை கிடையாது. மனமுவந்து கொடுத்தால் அது நன்மை. அன்பளிப்பாகக் கொடுப்பதானால் அப்படியே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். கடனாகக் கொடுப்பதானால் எழுதிக்கொள்ளுங்கள். ரூபாய்க் கணக்கில் அல்ல, இத்தனை பவுன் என்று நிறையை எழுதுங்கள். தங்கம் கொடுத்தவருக்குத் திரும்ப வரவேண்டியது அதே நிறைத் தங்கம்தான். "புருசன் பெண்சாதிக்குள் என்ன எழுத்து?" என்று சிலர் கோபிப்பார்கள். கடனை எழுதும்படி கட்டளையிடும் வசனம் அல்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். அதில் கணவன் மனைவிக்கு விதிவிலக்கு எதையும் நான் காணவில்லை.

இரண்டாவது கேள்விதான் என்னைச் சிரிக்க வைத்தது. ஏனென்றால், நானும் ஒரு சோடிக் காப்பை விற்றுப் பழைய பென்லி வாங்கியவன்.

அது 2021ஆம் ஆண்டு. அதற்கு முந்திய ஆண்டு மார்ச் மாதத்தில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. (2025 பெப்ரவரியில்தான் தனிப்பட்டவர்களின் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது.) புது வண்டி வராததால் பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போனது. இருபது, முப்பது வருடம் ஓடிக் களைத்த சைக்கிள்களுக்கும் மவுசு வந்தது. நான் கொட்டகலையில் இருந்துகொண்டு பகலில் ஓர் ஊரிலும் அஸருக்குப் பின் இன்னோர் ஊரிலும் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வந்தேன். பஸ்ஸை நம்பினால் இரண்டாவது வகுப்பு பாதியில்தான் தொடங்கும். மனைவி தானாகவே காப்பைக் கழற்றித் தந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வண்டி ஹொண்டா சி.டி. 125. நம் நாட்டில் பென்லி என்றுதான் பெயர். சிவப்பு டேங்க் பளபளவென்று இருந்தது. நான் போனபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "பாருங்க மௌலவி, சத்தம் எப்படி?" என்றார் விற்றவர். எனக்குச் சத்தம் கேட்டது. எது நல்ல சத்தம், எது கெட்ட சத்தம் என்று தெரியாதே! தலையை ஆட்டினேன். விலையில் ஐயாயிரம் குறைத்தார். பெரிய வெற்றி பெற்றவனைப் போல வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலில் நின்று வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பிரேக் எப்படி?" அதை நான் பார்க்கவே இல்லை.

சகோதரிகளே, இங்கே நான் செய்த பிழைகளைச் சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைப் பார்க்கப் போகக்கூடாது. ஆறிக் கிடக்கும் வண்டியைப் பார்க்க வேண்டும். சூடேறிய பழைய என்ஜின் சுலபமாக ஸ்டார்ட் ஆகும். அதன் குணம் தெரிவது குளிர்ந்திருக்கும்போதுதான். ஆகவே, போனதும் என்ஜின் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு அடித்தால், "நாளைக் காலையில் வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லித் திரும்பிவிடுங்கள். நம் பகுதிக் குளிரில் காலை நேரம்தான் இதற்குப் பொருத்தமானது. ஸ்டார்ட் செய்ததும் வெள்ளையாகக் கொஞ்சம் ஆவி வந்து, சூடேறியதும் நின்றுவிட்டால் பயமில்லை, அது ஈரம். நீலப் புகை விடாமல் வந்தால் என்ஜின் ஒயிலைத் தின்கிறது. கறுப்புப் புகை வந்தால் பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது.

பென்லியில் இன்னொரு விசயம் உண்டு. அதற்கு இரண்டு சிலிண்டர், இரண்டு ப்ளக், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைலென்சர். ஒரு சிலிண்டர் படுத்துவிட்டாலும் மற்றதை வைத்துக்கொண்டு வண்டி ஓடும். மட்டமான ரோட்டில் புதியவருக்குத் தெரியவே தெரியாது. ஏற்றத்தில்தான் மூச்சு வாங்கும். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் கழித்து, என்ஜினிலிருந்து வெளியே வரும் இரண்டு குழாய்களிலும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், தோசைக்கல்லில் தெளிப்பதைப் போல. கையை வைத்துவிடாதீர்கள். இரண்டிலும் 'சுர்' என்று ஆவி பறந்தால் நல்லது. ஒன்றில் தண்ணீர் சும்மா வழிந்தால் அந்தப் பக்கம் எரியவில்லை.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்களூர்க் கராஜ்காரர் ஒருவர். வாங்கி மூன்றாம் நாள் ஏற்றத்தில் வண்டி முக்குகிறது என்று போனேன். அவர் தண்ணீரைத் தெளித்தார், இடப்பக்கம் வழிந்தது. ப்ளக்கின் மேல் மாட்டும் மூடியைக் கழற்றிக் காட்டினார். அது வெடித்திருந்தது. வெடிப்பைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. டேப் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாது அல்லவா? விற்றவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அதே வாரம் மழையில் நனைந்தபோது பின் பிரேக்கும் சரியில்லை என்று தெரிந்துகொண்டேன்.

இனி வருவதுதான் நான் வெட்கப்பட வேண்டிய கதை. குறையுள்ள பொருளைப் பற்றி ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் ஒரு பாடம் உண்டு. வாங்கும் முன்பே இருந்த குறை பிறகு தெரியவந்தால், பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்க வாங்கியவருக்கு உரிமை இருக்கிறது. "இருக்கிறபடியே எடுத்துக்கொள்ளுங்க, பிறகு கேட்கக் கூடாது" என்று விற்பவர் சொல்லிவிட்டாலும், இப்படிப்பட்ட பொருளில் அந்த வார்த்தை அவரைக் காப்பாற்றாது. ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு. குறை தெரிந்ததும் தாமதிக்காமல் திருப்ப வேண்டும். தெரிந்த பிறகும் அதைப் பாவித்துக்கொண்டிருந்தால் ஒப்புக்கொண்டதாகவே கருதப்படும், உரிமை போய்விடும். இந்தப் பாடத்தை நான் பதினைந்து வருடமாக நடத்துகிறேன்.

நடத்தி என்ன? குறை தெரிந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு நாள் ஓட்டினேன். மௌலவி ஏமாந்துவிட்டார் என்று ஊரில் பேசுவார்களே என்ற கூச்சம். காப்பை விற்ற காசு இப்படியாகிவிட்டது என்று மனைவியிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தலவாக்கலைக்குப் புறப்பட்டேன். தூறல். பத்தனைச் சந்தியைத் தாண்டி, டெவன் நீர்வீழ்ச்சி தெரியும் வளைவுகளுக்கு வந்தபோது முன்னால் ஒரு பஸ் நின்றது. பின் பிரேக்கை மிதித்தேன். மிதி அடிவரை இறங்கியது, வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்கும் நனைந்து போயிருந்தது. சின்னக் கியருக்கு இழுத்து, தேயிலைப் பக்கத்து மண் திட்டில் ஒதுக்கிச் சாய்த்தேன். அல்லாஹ் காப்பாற்றினான். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, எனக்கு ஒன்றுமில்லை. எழுந்து அபாயாவில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "உங்களுக்கு முந்தியே தெரியுமா?" என்று கேட்டார். ஆம் என்றேன். தலவாக்கலை போகும்வரை அவர் பேசவில்லை. நாங்கள் பஸ்ஸில்தான் போனோம்.

அன்று மாலை விற்றவருக்கு டெலிபோன் எடுத்தேன். "பார்த்துத்தானே எடுத்தீங்க" என்றார். அவர் மறைத்தது பாவம்தான். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. டேப் ஒட்டிய ப்ளக் மூடியும் அதே ஈரம்தான். ஆனால் திருப்பிக் கொடுக்கும் உரிமையைத் தொலைத்தவன் நான். சகோதரியே, உங்கள் கணவர் வாங்கி ஒரு குறையைக் கண்டால் அன்றைக்கே போகச் சொல்லுங்கள். கூச்சத்துக்கு விலை அதிகம்.

சரி, வண்டி கையில் நின்றுவிட்டது. திருத்தத்தானே வேண்டும்? புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் பெயின்ட் அடிப்பார்கள், சீட்டு மாற்றுவார்கள். நான்கூட ஸ்டிக்கர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். கராஜ்காரர் அதை வாங்கித் தன் மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, "முதல்ல நிப்பாட்டப் பழகுங்க மௌலவி, பொறகு ஓடலாம்" என்றார்.

ஆகவே முதல் வேலை பிரேக். பென்லியின் முன்னும் பின்னும் டிரம் பிரேக். உள்ளே உள்ள பிரேக் ஷூவில் லைனர் தேயத் தேய, பின்னால் உள்ள கம்பியின் நட்டை இறுக்கிக்கொண்டே வரலாம். அது முடிவுக்கு வந்துவிட்டால் ஷூவை மாற்றுவதைத் தவிர வழியில்லை. என்னுடையதில் நட்டு கடைசிவரை இறுக்கப்பட்டிருந்தது. இதை வாங்கும்போதே கண்ணால் பார்த்திருக்கலாம். பழைய லைனரின் தூசை ஊதக் கூடாது. பழையவற்றில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அடுத்தது டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒரு வட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 1409 என்றிருந்தால் 2009ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்த டயர். பூ நன்றாகத் தெரிந்தாலும் அவ்வளவு பழைய ரப்பர் மழை ரோட்டில் பிடிக்காது. என் வண்டியின் பின் டயரைப் படித்துச் சொன்னவள் ஏழாம் வகுப்பில் இருந்த என் மகள்.

செயின், ப்ளக், ஒயில் மாற்றுவது ஆகியவற்றை நானே பழகிக்கொண்டேன். ஒரு செற் ஸ்பானர், ஒரு ப்ளக் ஸ்பானர், பழைய சாரன் துணி போதும். கழற்றும் ஒவ்வொரு நட்டையும் கழற்றிய வரிசையிலேயே முட்டை அட்டையில் போட்டு வைக்கச் சொன்னது மனைவி. அந்த ஒரு யோசனை பல நாள் வேலையை மிச்சப்படுத்தியது.

டேங்குக்குள் துரு. அதற்கும் மருந்து குசினியிலேயே இருந்தது. டேங்கைத் தனியே கழற்றி, பெற்றோலை முழுதாக வடித்து, துவாரங்களை அடைத்து, வினாகிரியை நிரப்பி ஒரு நாள் வைத்தோம். பிறகு சிறு கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கிக் கொட்டி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, நன்றாகக் காய விட்டோம். வடித்த பெற்றோலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெற்றோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. நிலத்தோடு நிலமாகத் தவழ்ந்து அடுப்பைத் தேடிப் போகும். லயத்து அறைகளிலும் சிறு வீடுகளிலும் திருட்டுக்குப் பயந்து வண்டியை உள்ளே, அடுப்படிக்குப் பக்கத்தில் நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். சங்கிலி போட்டு வெளியே பூட்டுங்கள். இந்த விசயத்தில் வீட்டில் உங்கள் சொல்தான் மேலோங்க வேண்டும்.

ப்ளக் மூடியை மாற்றியதும் இடப்பக்கம் உயிர் வந்தது. ஆனால் நீலப் புகையும் வந்தது. ரிங் தேய்ந்திருந்தது. சிலிண்டரைப் போர் பண்ணி ஓவர் சைஸ் பிஸ்டன் போட வேண்டும் என்றார் கராஜ்காரர். அது வீட்டு வாசலில் வைத்துச் செய்யும் வேலையல்ல. சாமான் இங்கே கிடைக்கவில்லை. கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். பழைய பிஸ்டனைக் கையோடு கொண்டுபோனதால் தப்பினேன். வாய்ச்சொல்லை நம்பிச் சாமான் வாங்கினால் இரண்டு முறை பயணம்தான்.

எல்லாம் பூட்டிய பிறகும் ப்ளக் கறுத்துக்கொண்டே வந்தது. காரணம் நமது ஊரின் உயரம். கொட்டகலை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 அடி. இங்கே காற்றின் அழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. கொழும்புக் காற்றுக்கு அளவு வைத்த காபரேட்டர் இங்கே அதே பெற்றோலைக் கொடுத்தால், எரிக்கப் போதிய காற்று இருக்காது. உப்பு அளவாகப் போட்ட கறியில் தண்ணீரைக் குறைத்தால் எப்படியோ அப்படி. காபரேட்டரின் காற்றுத் திருகாணியைக் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்தார். ப்ளக் செங்கல் நிறத்துக்கு வந்தது. கீழ்நாட்டிலிருந்து வண்டி வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் என்ஜினை அநியாயமாகக் குறை சொல்ல மாட்டார்கள்.

வண்டி சரியானதும் நாடு நின்றுவிட்டது. 2022. ரயிலில் எண்ணெய் வந்து இறங்கும் களஞ்சியம் உள்ள ஊர் எங்கள் கொட்டகலை. அப்படியிருந்தும் பெற்றோலுக்கு வரிசையில்தான் நின்றோம். ஜூன் மாதக் கடைசியில் ஒரு லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூ.ஆர். அட்டை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்றார்கள். அப்போது இறக்கத்தில் என்ஜினை அணைத்து, கியரை விட்டு உருட்டிக்கொண்டு போகும் பழக்கம் பலருக்கும் வந்தது. சிலரிடம் அது இன்னும் போகவில்லை. மலை ரோட்டில் இறங்கும்போது வண்டியைப் பிடித்து வைப்பதில் பாதி வேலை என்ஜினுடையது. அதை அணைத்துவிட்டால் முழுப் பாரமும் டிரம் பிரேக்கில் விழும்; அது சூடேறிப் பிடியை விட்டுவிடும். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று கராஜ்காரர் சொல்வார். மிச்சம் பிடிக்கும் அந்த ஒரு சொட்டுப் பெற்றோல் எனக்கு வேண்டாம்.

பத்திரங்கள் விசயத்தில் நான் ஓரளவு கவனமாக இருந்தேன். பதிவுப் புத்தகத்தில் உள்ள என்ஜின் இலக்கமும் செஸி இலக்கமும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்திருக்கிறதா என்று ஓர் எழுத்து விடாமல் பாருங்கள். புத்தகத்தில் லீசிங் கம்பனி ஒன்றின் பெயர் உரிமையாளராக இருந்தால், அது நீக்கப்படும்வரை காசு கொடுக்காதீர்கள். "ஓப்பன் பேப்பர்" என்று பழைய சொந்தக்காரர் கையெழுத்து வைத்த வெறும் படிவத்தோடு கைமாறும் வண்டிகள் நம் நாட்டில் ஏராளம். நாளை ஒரு விபத்து நடந்தால் யாருடைய வண்டி என்று பொலிசில் எப்படிச் சொல்வீர்கள்? வாங்கியதும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றிவிட வேண்டும். இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், வாகன வருமான அனுமதிப்பத்திரம் மூன்றின் திகதியையும் பாருங்கள். இதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க உங்கள் வாப்பாவோ நானாவோ கூடப் போனால் நல்லது, நீங்களும் போங்கள். ஆண்கள் டேங்கைப் பார்ப்பார்கள். நீங்கள் டயரைப் பாருங்கள்.

பின்னால் ஏறும்போது அபாயாவையும் சாலையும் அள்ளிச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பென்லியின் செயினுக்கு முழு மூடி உண்டு, ஆனால் சில்லின் கம்பிகள் திறந்தே இருக்கும். இடப்பக்கம் சேலைக் கம்பி இல்லாவிட்டால் பெயின்டுக்கு முன்னால் அதைப் போடச் சொல்லுங்கள். ஹெல்மட் இரண்டு வாங்க வேண்டும். காப்பு விற்ற காசில் இதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். என் கணக்கில் வண்டி விலையின் பாதிக்குக் கிட்டத் திருத்த வேலைக்கே போனது. அந்தக் காசை முன்பே ஒதுக்க முடியாவிட்டால் இப்போது வாங்க வேண்டாம், இன்னும் ஆறு மாதம் ஓட்டோவில் வரட்டும்.

என் வண்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போன வருடம் ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். திண்ணையில் உட்காரவைத்துப் பேசினேன். புது பிஸ்டன், புது டயர், புது பிரேக் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "கியர் பெட்டியில ஒயில் கசியறதையும் சொல்லுங்க." சொன்னேன். வந்தவர் யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனார், பிறகு வரவில்லை. தேநீர்க் கோப்பையை எடுக்க வந்தவர், "இப்பதான் பாடம் நடத்துறீங்க" என்றார். காப்பில் ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டேன். மற்றது நான் எழுதிக் கொடுத்த தாளில் இருக்கிறது.

சகோதரியே, நீங்கள் வண்டி பார்க்கப் போகும் காலையில் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுபோக மறந்துவிடாதீர்கள். இரண்டு குழாயிலும் தண்ணீர் ஆவியாகப் பறந்ததா என்று அடுத்த கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். என் மனைவியும் கேட்டுக்கொண்டிருக்கிறார். வஸ்ஸலாம்.